வேர் வைத்த இடம்

செவ்வாய்க் கோள், கிழக்குக் குடில்
நாள் 212, காலை 07:10
நீர் அழுத்தம் சீர். கணினி சீர். இரு குடில்களிலும் பரவும் காய்ச்சல் கிருமியின் பதினான்கு மாதிரிகளை, ரத்தத்திலும் இரு தண்ணீர்த்தொட்டிகளிலும் எடுத்தவை, கிருமியின் வம்சாவளியைக் கிளைமரமாக வரையும் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். இதைப் படிப்பவருக்கு: ஒவ்வொரு இலையும் ஒரு மாதிரி. கிளை எவ்வளவு நீளமோ, கிருமி அவ்வளவு மாறியிருக்கிறது. வேரை ஒட்டியிருப்பது மூத்தது. மேற்குக் குடிலின் தண்ணீர்த்தொட்டி மாதிரியே வேரை ஒட்டியிருக்கிறது. கிருமி அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

நாள் 212, 11:30
மேற்கில் வசிப்பவர்கள் ஒன்பது பேர். மருத்துவர் என் மனைவி பாக்கியம். தொட்டியை மூடச் சொல்லி, எங்கள் தண்ணீர் முந்நூறு லிட்டரை வண்டியில் அனுப்பினோம்.
அவள் செய்தி: "என்ன வாத்தியாரே, ரிட்டயர் ஆனபெறவும் தப்பு கண்டுபிடிக்க புத்தி போகலயா? சரி, மூடிட்டேன். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

நாள் 216, 15:05
மேற்கில் ஆறு பேருக்குக் கடுங்காய்ச்சல்.
பக்கத்தின் அமைப்புகளை வரிவரியாகப் படித்தேன். வேர் எது என்று நான் சொல்லவேயில்லை. சொல்லாவிட்டால், ஒன்றுக்கொன்று மிகத் தொலைவான இரு இலைகளுக்கு நடுவில் மென்பொருளே வேரை வைத்துவிடும். முடிச்சுகள் போட்ட நூலை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த முடிச்சைப் பிடித்துத் தூக்கினாலும் அதுவே உச்சி. பூமியிலிருந்து வந்த, இந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்கும் உறவுக் கிருமியின் தரவு ஒன்றைச் சேர்த்து, வேரை அதன் பக்கம் வைத்திருக்க வேண்டும். கோப்பு முதல் நாளே கையில் இருந்தது. இப்போது சேர்த்தேன். ஒரே சொடுக்கு.
மரம் திரும்பியது. அடியில் எங்கள் தொட்டி. குடித்துக் குடித்து எங்கள் உடம்புக்கு அது பழகிவிட்டிருக்கிறது; இங்கே லேசான காய்ச்சலோடு போனது அதனால்தான்.

15:20
நாங்கள் அனுப்பிய தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன்.
அவள் செய்தி: "எல்லாருக்கும் குடுத்தாச்சே. காய்ச்சக்காரங்களுக்கு ரெண்டு மடங்கு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு... விடுங்க. அழாதீங்க. கேமரால தெரியுது."

நாள் 218, 09:00
அழைத்தால் மேற்கில் பதில் சொல்வது இப்போது இரண்டு குரல்கள்தான். அவற்றில் ஒன்று அவளுடையது. எங்கள் வண்டி கிளம்பிவிட்டது. போய்ச்சேர முப்பது மணி நேரமாகும்.

நாள் 219, 08:40
மேற்கிலிருந்து குரல் இல்லை. கடைசியாக வந்தது ஒரு மாதிரியின் தரவு. பெயர்: பாக்கியம், ரத்தம். அவளே எடுத்து அவளே ஏற்றியிருக்கிறாள்.
இதைப் படிப்பவரே, வேரை நீங்களே வையுங்கள். பக்கத்தை நம்பி விட்டுவிடாதீர்கள்.
அவள் இலை எங்கள் தொட்டியை ஒட்டி நிற்கிறது. கிளை நீளம் சுழியம்: நான் அனுப்பிய தண்ணீரில் இருந்த அதே கிருமி. பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு மயிரிழையாவது இடைவெளி இருக்குமா என்று. இன்னும் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.