பத்துக் கல் உயர வண்டி

மச்சான்,

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, என் காலிலிருந்து எடுத்த தகட்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். கூடவே எட்டு திருகாணிகள். மூடியைத் திறந்தால் இன்னும் மருந்து வாசனை வருகிறது. செல்வி ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "அத இன்னாத்துக்கு வீட்டுல வெச்சிக்கினு? தூக்கிப் போட்டுடுங்க" என்றாள். நீ இருந்திருந்தால் ஒரு திருகாணியை எடுத்து, வெளிச்சத்தில் காட்டி, மரையை நகத்தால் தடவிப் பார்த்து, "நம்ம ஸ்டோர்ல இந்த மாதிரி ஒண்ணு வருதா பாரு" என்று கம்பெனியைத் திட்டியிருப்பாய்.

செம்மங்குப்பத்துக் கம்பெனியில் நான் லேப், நீ மெயின்டனன்ஸ். நான் முதுநகரிலிருந்து பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன். நீ சிதம்பரத்திலிருந்து தினமும் உன் பழைய வண்டியில் வருவாய். சொந்தம் எதுவும் இல்லை, சாமியும் வேறு வேறு. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீ என்னை மச்சான் என்று கூப்பிட்டாய், நானும் கூப்பிட்டேன். பதினெட்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

அந்த ஐப்பசி மாலை உன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தாள். நீ ஓட்டினாய், நான் பின்னால். மழை விட்டுத் தார்ச்சாலை பளபளவென்று இருந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி சறுக்கியது. நீ புல்லில் போய் விழுந்தாய். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். என் இடது கால் வண்டிக்கு அடியில் கிடந்தது. முட்டிக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது.

ஓடி வந்தவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "நாய் குறுக்க வந்துடுச்சி" என்று நான் சொன்னேன். வலியிலும் அதுதான் வாயில் வந்தது. ஆஸ்பத்திரியில் அதையே சொன்னேன். செல்வியிடமும் அதையே. நீ பக்கத்தில் நின்றாய்.

செல்வி நாயை நம்பினாள், ஆனால் உன்னை மன்னிக்கவில்லை. நீ ஷிப்ட் முடிந்து தினமும் என் கட்டில் பக்கத்தில் வந்து உட்காருவாய். அவள் காபியை உன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வாங்கண்ணே என்று சொல்லமாட்டாள். நீயும் அந்தக் காபியைத் தலை குனிந்து குடித்துவிட்டு, டம்ளரை நீயே கழுவி வைத்துவிட்டுப் போவாய்.

ஒரு நாள் ஸ்டெல்லா போன் பண்ணினாள். "அண்ணே, ஒங்க கிட்ட சொல்லாதன்னு சொன்னாரு. அவரு அன்னியிலேர்ந்து வண்டிய தொடவே இல்ல. பெட்ஷீட்ட போட்டு மூடி வெச்சிட்டாரு. பஸ்லதான் வர்றாரு. கடத்தெருவுக்குக்கூட நடந்துதான் போறாரு. வித்துடட்டுமான்னு கேக்கறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சில் எத்தனை தடவை அந்தப் பயணம் போயிருப்போம், ஞாபகம் இருக்கிறதா? தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சேலம், மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் என்று ஏறி இறங்கி, கோழிக்கோட்டில் சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க வேண்டும். கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு எத்தனை முறை அந்த மலைப்பாதையில் ஏறியிருப்போம். அந்த ஆள் இப்போது கடைத்தெருவுக்கு நடந்து போகிறான்.

கால் என்னுடையதுதான் உடைந்தது. அது சேர்ந்துவிடும் என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. உனக்கு எக்ஸ்ரே எடுக்க வழியில்லை.

அதனால்தான் அடுத்த நாள் நீ வந்ததும் போனை நீட்டி, "மச்சான், வண்டி வாங்கப் போறேன். மலைக்கும் மண்ணுக்கும் போற மாதிரி, தூரம் போற வண்டி" என்றேன். நீ என்னை ஏதோ ஜுரத்தில் உளறுகிறவனைப் போலப் பார்த்தாய்.

"எழுந்து பாத்ரூம் போவ வாக்கர் புடிக்கிற. ஒனக்கு வண்டியா?"

"நின்னுடுவேன் இல்ல? நிக்கற அன்னிக்கு வண்டி இருக்கணும்."

நான் காட்டியது ஒட்டகம் மாதிரி ஒரு வண்டி. முன்சக்கரம் இருபத்தோரு இஞ்ச், எடை இருநூறு கிலோவுக்கு மேல். உயரமான கண்ணாடி, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. உனக்குக் கோபம் வந்தது. அத்தனை வாரத்தில் உன் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது அன்றைக்குத்தான். "சீட்டு உயரம் பாத்தியா? எம்பத்தஞ்சரை சென்டிமீட்டர். அந்த எடது காலு எறங்கி அத தாங்குமா? கியரு எந்தக் காலுல மாத்துவ, சொல்லு." அடுத்த நாள் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தாய். என்னைச் சுவரோடு நிற்க வைத்து, ஒரு கணக்கு நோட்டைத் தொடைகளுக்கு நடுவில் செருகி, தரையிலிருந்து அளந்தாய். எழுபத்தேழு. "வெறும் எழுபத்தேழு வெச்சிக்கினு இன்னா பேச்சு பேசற" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கொல்லையில் கிடந்த செங்கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஆடாமல் இருக்க இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, இரண்டு தூண் எழுப்பி, மேலே ஒரு கனமான பலகையைப் போட்டாய். பத்து வரிசைக் கல்லுக்குப் பலகையோடு எண்பது சென்டிமீட்டர். பதினொன்றுக்கு ஒட்டகத்தின் உயரம், கொஞ்சம் கூடவே. பலகையின் மேல் தலையணையைக் கட்டினாய். "ஏறு" என்றாய்.

பதினொரு கல்லில் என் இடது காலின் நுனிவிரல்தான் தரையைத் தொட்டது. ஐந்து விநாடி தாங்கவில்லை, கால் நடுங்கிச் சாய்ந்தேன். நீ தோளைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாய். கதவோரம் நின்றிருந்த செல்வி, "ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அதுவே நம் பயிற்சியாகிவிட்டது. வாரம் இரண்டு முறை சிதம்பரத்தில் பிசியோதெரபி. அந்த அம்மா முட்டியை மடக்கும்போது உயிர் போகும். நான் வலி தெரியாமலிருக்க வண்டிகளைப் பற்றியே பேசுவேன். ஒரு நாள் அவர், "சார், படத்துல எது அழகா இருக்குதுன்னு பாக்காதீங்க. காலைத் தூக்கிப் போட முடியுதா, ஊனி நிக்க முடியுதா, அத பாருங்க" என்றார். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் வந்து அதைச் சொன்னதும், "நான் மாசக்கணக்கா கத்தறேன், அவுங்க சொன்னாத்தான் ஏறுது" என்றாய். வீட்டுக்கு வந்து பத்துக் கல்லில் ஏறுவேன். இடது பாதம் முழுக்கப் பதியும். எடையை மெல்ல அந்தப் பக்கம் சாய்ப்பேன். முதலில் பத்து எண்ணும்வரை, அப்புறம் ஐம்பது, அப்புறம் நீ எண்ணுவதையே மறந்து டயர் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாய்.

பங்குனியில் வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கடலூர் ஷோரூமுக்குப் போனோம். சீட்டு உயரம் எண்பது சென்டிமீட்டர், சரியாக நம் பத்துக் கல், இருக்கிற ஒரு வண்டி அங்கே நின்றிருந்தது. ஒட்டகத்தைவிட ஐம்பது கிலோ எடை குறைவு, பின்சீட்டு அகலம். உட்கார்ந்து பார்த்தேன். கால் பதிந்தது. டெஸ்ட் ரைடு போகிறீர்களா என்று விற்பனையாளர் கேட்டார்.

"எனக்கு டாக்டர் இன்னும் ஓட்டச் சொல்லல. இவுரு ஓட்டுவாரு. நான் பின்னாடி ஒக்காருவேன்" என்றேன்.

என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாய். "முடியாதுடா. வேற யாரையாவது வெச்சி ஓட்டிப் பாரு. ஒன்ன ஏத்திக்கினு நான் ஓட்ட மாட்டேன்."

"வேற யாரு பின்னாடியும் நான் ஒக்கார மாட்டேன்."

வெகுநேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். அப்புறம் ஏறினாய். நான் கைத்தடியை அந்த விற்பனையாளரிடம் கொடுத்துவிட்டு, உன் தோளைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட்டேன். உன் முதுகு நனைந்திருந்தது. ஆட்டோவெல்லாம் நம்மைத் தாண்டிப் போயின. கடற்கரைச் சாலையில் கடைசிக் கடையைத் தாண்டியதும் நிறுத்தி, ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, திரும்பாமலே சொன்னாய்:

"நாயி எதுவும் வரல மச்சான்."

"தெரியும்."

"நான் பின்னாடி திரும்பிட்டேன். திரும்பிட்டு பள்ளத்த பாத்ததும் பிரேக்க அழுத்திட்டேன்."

"தெரியும்டா. நான் பின்னாடிதான இருந்தேன். ஒன் தோள தட்டி, எதிர்ல வந்து நம்மள தாண்டிப் போன பெரிய பைக்க காட்டி, அத பாருன்னு சொன்னது யாரு? நான்தான."

நீ அப்போதுதான் திரும்பினாய். "அது தெரிஞ்சும் ஏண்டா எல்லார்கிட்டயும் நாயின்னு சொன்ன?"

உன்னைக் காப்பாற்ற என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பொய்யால் உனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று உன் முகத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது. ஒருவரும் உன்னை வாய்விட்டுக் குற்றம் சொல்லவில்லை. அதனால் ஒருவராலும் உன்னை மன்னிக்கவும் முடியவில்லை. ஐந்து மாதம் நீ அதைத் தனியாகவே வைத்துக்கொண்டிருந்தாய். நீ அழுதாய். நான் வண்டியிலிருந்து இறங்கி, சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைத்தடி இல்லாமல் நிற்கிறேன் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அன்று மாலை நீயே செல்வியின் முன்னால் போய் நின்றாய். "நாயி இல்லம்மா. நான்தான் திரும்பிட்டேன். தப்பு என்னுது." நான், "தட்டிக் கூப்டது நான்" என்றேன். செல்வி நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன்.

"இனிமே வண்டில போறப்ப ரெண்டு பேரும் வாய மூடிக்கினு போங்க" என்றாள். அப்புறம் உன்னைப் பார்த்து, "ஒக்காருங்கண்ணே, தோசை ஊத்தறேன்" என்றாள். அன்றைக்கு டம்ளரைக் கழுவ உன்னை அவள் விடவில்லை.

அந்தப் பத்துக் கல் வண்டியையே வாங்கினேன். டாக்டர் ஓட்டலாம் என்ற பிறகு, அடுத்த தை மாதம் கோழிக்கோட்டுக்குப் போனோம். மேட்டுப்பாளையம்வரை நீ ஓட்டினாய், ஊட்டி மலை ஏற்றத்தில் நான் ஓட்டினேன். என் கால் பதினான்காவது வளைவில் கொஞ்சம் முறைத்தது, இறங்கி டீ குடித்ததும் சமாதானமானது. பள்ளம் வந்தால் நீ பின்னாலிருந்து ஒரு சத்தமும் போடமாட்டாய், மூச்சை மட்டும் இழுத்துப் பிடிப்பாய். எனக்குக் கேட்கும். மூன்றாம் நாள் மாலை மேற்குக் கடலைப் பார்த்தோம்.

அந்த ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய் என்று ஸ்டெல்லா சொன்னாள். இதயம். செய்தி கேட்டவர்கள் எல்லாரும் முதலில் என்னிடம் கேட்டது, "வண்டியிலயா?" என்றுதான். இல்லை என்றேன். உன்னைக் குழியில் இறக்கிவிட்டு நின்றபோது, வந்த ஒவ்வொருவரிடமும் இல்லை, வண்டியில் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது எனக்கு முக்கியமாக இருந்தது மச்சான்.

இன்று மதியம் ஸ்டெல்லா என்னைப் பார்க்க வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆரஞ்சுப் பையோடு வந்தாள். செல்வியும் அவளும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவள் என் பக்கம் திரும்பி, இத்தனை நாள் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அண்ணே, அந்தக் கடல பாத்தப்ப அவரு இன்னா சொன்னாரு?"

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஏதாவது நல்லதாக, மனசில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒன்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. நீ அவள் பேரைச் சொன்னாய், அடுத்த முறை அவளையும் கூட்டி வரணும் என்றாய் என்று சொல்லியிருக்கலாம். அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். ஆனால் உன் விஷயத்தில் ஒருமுறை நல்லதுக்கு என்று பொய் சொன்னவன் நான். இன்னொரு முறை எனக்கு வரவில்லை.

"ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல தங்கச்சி. அப்புறம், பசிக்குது, மீனு கெடைக்கிற கடை எங்க இருக்குதுன்னு கேளுடான்னான்."

ஸ்டெல்லா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. "அவருதான்" என்றாள். "அது அவரேதான்." செல்வி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

டாக்டர் ஆறு வாரம் வண்டியைத் தொடக்கூடாது என்றிருக்கிறார். அதனால் மாசியில்தான் மறுபடியும் கோழிக்கோடு. செல்வியும் ஸ்டெல்லாவும் ரயிலில் வருகிறார்களாம், நான் வண்டியில் போய்ச் சேர வேண்டுமாம். நாம் அன்று மீன் சாப்பிட்ட அந்தக் கடையில்தான் சாப்பிட வேண்டும் என்று ஸ்டெல்லா இப்போதே சொல்லிவிட்டாள். கடையின் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. வழி ஞாபகம் இருக்கிறது.