அமலியின் நாடியும் ஆறு தடைகளும்

ஜனவரி 22, 1995. ஞாயிறு

காலையில் நல்ல பனி. ஏழு மணிப் பூசைக்குப் போய் வந்தோம். அமலிக்கு ஸ்வெட்டர், மேலே மப்ளர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மப்ளரா என்று கோயில் வாசலில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

செய்ய வேண்டியவை: சைக்கிள் பிரேக் கட்டை. மண்ணெண்ணெய். முப்பதாம் தேதி ஊசிக்கு மருந்து.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா சொன்னதை இன்னும் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. இத்தனைக்கும் நல்ல சேதி. எட்டு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து, அது நெஞ்சு வரை போன பிள்ளை. நாலு வருஷமாக மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி. இப்போது நெஞ்சை எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “வால்வு நல்லாருக்கு. இனி ஓடி விளையாடட்டும். விளையாடாம இருந்தாத்தான் கெடுதல். ஊசியை மட்டும் விட்டுராதீங்க.”

நாலு வருஷமாக ‘ஓடாதே’ என்றே சொன்ன வாய் என்னுடையது.

அமலியிடம் சொன்னேன். “நான் ஓட மாட்டேம்ப்பா. செத்துப் போயிருவேன்.” இட்லிக்குச் சீனி கேட்கிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு டி.வி. பக்கம் போய்விட்டாள்.

ஜனவரி 24, செவ்வாய்

பனி குறைவு. பிரேக் கட்டை போட்டாயிற்று.

என் மனைவி செலினுடைய தம்பி கிளிட்டஸ் கப்பலில் வேலை பார்க்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது டி.வி.யில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனான். கூட இரண்டு கேசட். ஒன்றில் துப்பாக்கிச் சண்டை. மற்றதில் விளையாட்டுப் போட்டி: நூறு மீட்டர், நீளம் தாண்டுதல், தடை ஓட்டம். இரண்டு பொத்தானை மாற்றி மாற்றி அமுக்கினால் பொம்மை ஓடும். மூன்றாவதை அமுக்கினால் தாண்டும். அமலி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் வேலை.

ஒரு யோசனை. துப்பாக்கி கேசட்டை எடுத்து அலமாரி மேல் ஒளித்துவைத்தேன். ஓட்டப் பந்தயம் மட்டும் வெளியே. கண்ணில் ஓட்டம் பட்டுக்கொண்டே இருந்தால் காலுக்கும் ஆசை வராதா என்று.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்.
சும்மா இருக்கையில் 82.
நூறு மீட்டர் 104.
தடை ஓட்டம் 112.

பாயில் உட்கார்ந்த இடத்திலேயே 112. நிஜமாக ஓடினால்? செ.யிடம் இந்தக் கணக்கைக் காட்டவில்லை. ஆபீஸில் அணைகளின் நீர்மட்டம் எழுதிப் பழகின கை, எதைப் பிடித்தாலும் எண் எழுதுகிறது.

ஜனவரி 26, வியாழன்

விடுமுறை. வெயில்.

காலையில் அமலி கேட்டாள்: “எப்பா, நெசமான பந்தயத்துல எத்தன தடை இருக்கும்?” எனக்குத் தெரியவில்லை. “கேட்டுச் சொல்லுதேன்” என்றேன். பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்தில் பி.டி. டீச்சரிடம் கேட்டேன். பெரிய போட்டிக்குப் பத்தாம். இவர்கள் பள்ளிக்கூடத்தில் ஆறுதான், உயரமும் குறைவு.

“ஏன் சார், அமலி ஓடப் போறாளா?”

“சும்மா கேட்டேன், டீச்சர்.” பொய்.

சாயங்காலம் மொட்டைமாடியில் சாக்பீஸால் ஆறு கோடு போட்டேன். அமலி வெகுநேரம் படி வாசலிலேயே நின்றாள். பிறகு ஒவ்வொரு கோடாக நடந்து தாண்டினாள். நானும் கூடவே நடந்தேன். “ரெண்டு கோட்டுக்கு நடுவுல மூணு எட்டு வைக்கணும்ப்பா. அந்தப் பொம்மை அப்படித்தான் வைக்கும்.” நான் அதைக் கவனித்ததே இல்லை.

நாடி 96.

கீழ்வீட்டு அம்மா கொல்லையில் யாரிடமோ: “சீக்குப் பிள்ளைய மாடில ஆட விடுதாரு பாரு மனுசன்.” அமலிக்கும் கேட்டிருக்கும். இறங்கும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. அல்லது என் கையா?

ஜனவரி 30, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஊசி போடுகிற இடத்து பெஞ்சில் சாத்தான்குளத்துப் பிள்ளை ஒன்று நாலு வருஷமாக எங்களோடு உட்காரும். முத்துலட்சுமி. இதே நோய், இதே ஊசி, இதே நாள். காத்திருக்கும்போது அவளும் அமலியும் பெஞ்சிலேயே அஞ்சாங்கல் ஆடுவார்கள். போன இரண்டு முறையும் வரவில்லை. இன்றைக்கும் இல்லை. அமலி உள்ளே போனதும் நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

“அந்தப் பிள்ளையா சார்? டிசம்பர்லயே தவறிருச்சு. நல்லாயிருச்சுன்னு நெனச்சு நடுவுல ஊசிய விட்டுட்டாங்க. மறுபடி காய்ச்சல் வந்து, நெஞ்சு தாங்கல.”

அமலி இடுப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். “அவ வரலியாப்பா?”

“ஊர் மாறிட்டாங்களாம். வள்ளியூர்லயே போட்டுக்கிடுதாங்களாம்.”

“சொல்லாம போயிட்டா பாரு.”

திரும்பும்போது அவள் சைக்கிள் கேரியரில். பாலத்து ஏற்றத்தில் மிதிக்க முடியவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். கீழே ஆறு நிறையத் தண்ணீர். அவள் பின்னாலிருந்து மூன்று எட்டு, தாண்டல், மூன்று எட்டு என்று பேசிக்கொண்டே வந்தாள்.

ஊசியை விட்டதால்தான். ஓடியதால் இல்லை. ஐந்தாறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். மனசில் நிற்கவில்லை.

பிப்ரவரி 1, புதன்

கேமைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டேன். “வயர் போயிட்டு” என்றேன். “சரிப்பா” என்று எழுந்து போய்விட்டாள். அடம்கூடப் பிடிக்கவில்லை. நிம்மதி.

அரை மணி கழித்து மாடியில் தடதடவென்று சத்தம்.

இரண்டு இரண்டு செங்கல் வைத்து, குறுக்கே விளக்குமாற்று ஈர்க்குகளைக் கட்டிவைத்திருக்கிறாள். ஆறு தடை. அந்தக் கோடியிலிருந்து ஓடி வருகிறாள். பின்னல் அவிழ்ந்து, வாய் திறந்து, முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. “ஏட்டி, நில்லு” என்று கத்திவிட்டேன். நாலு வருஷத்தில் அவளை நான் அதட்டியதில்லை. அவள் நிற்கவில்லை. ஆறாவதையும் தாண்டிச் சுவரில் வந்து மோதிச் சிரித்தாள்.

128. இரண்டு நிமிஷத்தில் 100. நாலு நிமிஷத்தில் 88. சீக்கிரம் இறங்கினால் நல்லது என்று டாக்டரம்மா சொன்ன ஞாபகம். நிஜமாகச் சொன்னாரா, நான் ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்டேனா?

கேமை இறக்கித் திரும்ப மாட்டினேன். ஒளித்துவைத்து என்ன பயன். அதிலிருந்து அவள் இறங்கி ஓடியாயிற்று.

பிப்ரவரி 7, செவ்வாய்

ஆபீஸில் வேலை அதிகம். தலைவலி.

அமலி ஆண்டு விழாப் போட்டியில் தடை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். எங்களைக் கேட்கவில்லை. பி.டி. டீச்சர் டாக்டர் சீட்டு கேட்டாராம். என் டைரிக்குள் இருந்த சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். இந்தப் பக்கங்களையும் படித்திருப்பாளோ. முத்துலட்சுமி சேதி இருக்கிற பக்கம்? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். இனி டைரி ஆபீஸ் மேஜையில்.

வெள்ளி ஒத்திகை. பதினேழாம் தேதி போட்டி.

பிப்ரவரி 10, வெள்ளி

ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் நின்றேன். ஆறு பிள்ளைகள். விசில். முதல் தடை, இரண்டாவது தடை, நன்றாகத்தான் தாண்டினாள். மூன்றாவதுக்கு முன்னால் என் பக்கம் பார்த்தாள். நின்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடியது தெரியும். செருப்பு எங்கே போனதென்று தெரியாது.

“நெஞ்சு வலிக்கா?”

“இல்ல.”

“மூச்சு முட்டுதா?”

“இல்லப்பா.” அழ ஆரம்பித்தாள். “உங்க மொகத்தப் பாத்தேன். எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சேன்.”

நாடி 118. ஓடின பிள்ளைக்குச் சரியான நாடி. டீச்சர் தண்ணீர் கொடுத்தார். செருப்பை யாரோ ஒரு பிள்ளை எடுத்து வந்து கொடுத்தது.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் செ.யிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முத்துலட்சுமியையும். செ. மீதி வெங்காயத்தையும் அரிந்து முடித்தாள். பிறகு: “பதினேழாந்தேதி நீங்க வராதீங்க. நான் போறேன்.”

“உனக்குப் பயமில்லையா?”

“இருக்கு. என் மொகத்துல தெரியாது.”

பிப்ரவரி 17, வெள்ளி

மேகமூட்டம். ஓடுகிறவர்களுக்கு நல்லது.

போட்டி மூன்றரைக்கு. மூன்று மணியிலிருந்து மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் போன் நம்பர் இருக்கிறது. ஏதாவது என்றால்தான் கூப்பிடுவார்கள். பாபநாசம் அணையின் மட்டத்தை மணிமுத்தாறுக் கட்டத்தில் எழுதி, அடித்து, திரும்பவும் அங்கேயே எழுதினேன். பக்கத்து மேஜை அண்ணாச்சி: “என்ன வே, மேலுக்குச் சொகமில்லையா?”

நாலு பத்துக்குப் போன் அடித்தது. எடுக்க முடியவில்லை. அண்ணாச்சி எடுத்தார். கேட்டார். “ம்” என்றார். இன்னொரு “ம்”. பேசியது மணிமுத்தாறு அணை வாட்ச்மேன். காலையில் சொன்ன மட்டம் தப்பாம். அண்ணாச்சி ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வீட்டுக்குப் போம், வே. நான் எழுதிக்கிடுதேன்.”

சைக்கிளில் வந்தது ஞாபகமில்லை. வாசலில் அமலியின் கேன்வாஸ் ஷூ. செம்மண். ஜோடியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

செ. அடுப்படியில். சேலை முந்தானையின் ஓரம் முழுக்கக் கசங்கி ஈரமாக இருந்தது. கடித்திருக்கிறாள். “ஆறு தடையும் தாண்டிட்டா” என்றாள். “ஆறு பேர்ல அஞ்சாவது.”

“எங்க அவ?”

“உள்ள. கதவச் சாத்திக்கிட்டா. சோறு வேண்டாமாம். பக்கத்துக் கோட்டுப் பிள்ள இவ கோட்டுக்குள்ள வந்து இடிச்சிட்டாம். இல்லாட்டி நாலாவது வந்திருப்பாளாம்.”

அழுகிறாளோ என்று கதவில் காதை வைத்துக் கேட்டேன். அழவில்லை. அந்தப் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.