கோட்டுக்கு வெளியே ஒரு லெஃப்ட் பேக்

மார்ச் 1, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! இரண்டுக்கு ஒன்று! கால்பந்து ஆடியது என் இளைய மகள் சின்னவள், கோட்டுக்கு வெளியே நின்று கத்தியது நான். இருந்தாலும் தொண்டை கட்டியது யாருக்கு? எனக்குத்தானே. அப்படியென்றால் "ஜெயித்துவிட்டோம்" என்று எழுத எனக்கும் உரிமை உண்டு.

ஒரே குறை. முன்னால் நின்று கோல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளையை, புதிதாக வந்த கோச்சம்மா பின்னால் இழுத்து லெஃப்ட் பேக் ஆக்கிவிட்டார். சரி, இடதுபக்கக் காவல், அதுவும் கௌரவம்தான். ஆனால் பந்து நம்மிடம் வந்ததும் அவள் கோட்டை விட்டு மைதானத்தின் நடுவுக்கு வர வேண்டுமாம். இது என்ன புதுப் பழக்கம்?

மார்ச் 2, திங்கள்

டயர் கடையில் காலையிலிருந்து வேலை நடக்கவில்லை, வாய்தான் நடந்தது. பக்கத்துக் கடை பெயிண்டர் ஆரம்பித்தான். "ரைட் பேக்குக்கு ஃபார்மே இல்லண்ணே. பேங்க்ல வேலை பாக்குற பொண்ணுல்ல, பந்து வந்தா டோக்கன் குடுத்து உக்கார வச்சிடுது."

என்னோடு வேலை செய்பவன் எதையும் இரண்டு தடவை சொல்வான். அதனால் அவனுக்கு ரீப்ளே என்று பெயர். அவன் சொன்னான்: "அந்தப் பொண்ணு பின்னாடி நின்னாதான் நம்ம பொண்ணு நகர முடியும். கோச்சம்மா ஒருத்தியக் கட்டிப்போட்டு ஒருத்திய அவுத்து விடுறாங்க. ஒருத்தியக் கட்டிப்போட்டு..."

"போதும்டா. லெஃப்ட் பேக்னா கோட்டோரமா ஏறி ஓடணும். நடுவுல போய் நிக்க அங்க என்ன நாற்காலியா போட்டிருக்கு?" என்றேன்.

லாரி டயர் மேல் பதினொரு நட்டை அடுக்கி விளக்கினேன். பெயிண்டரே அசந்துபோனான். பிறகு ஒரு காருக்குச் சக்கரம் மாட்டினால் ஒரு நட்டு குறைகிறது. தேடித் தேடிப் பார்த்தால், டயர் மேல் லெஃப்ட் பேக்காக உட்கார்ந்திருக்கிறது!

மார்ச் 8, ஞாயிறு

ஆலை அணியிடம் தோற்றோம். பூஜ்யத்துக்கு இரண்டு. இரண்டும் சின்னவள் பக்கமாகவே வந்த கோல்.

நான் "ஏறு! ஏறு!" என்று கத்துகிறேன். பிள்ளை பாதி ஏறி, பாதி உள்ளே வந்து, நடுவில் தடுமாறுகிறது. பந்து போய்விடுகிறது. அவள் விட்டு வந்த இடம் காலி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "ஒரு காதுல கோச்சம்மா, ஒரு காதுல நீங்க. நான் யாரு சொல்றதக் கேக்குறது?"

"அனுபவம் சொல்றதக் கேளு, கண்ணு."

"என்ன அனுபவம்ப்பா? டயருக்குக் காத்தடிச்ச அனுபவமா?"

என் மனைவி சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு சிரித்திருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

இன்னும் ஒரு ஆட்டம் இப்படிப் போனால் சின்னவள் பெஞ்சில்தானாம். கோச்சம்மா சொல்லிவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. வாங்கிய கோல் மறுபடியும் இடதுபக்கம். இடைவேளைக்குப் பிறகு சின்னவளை வெளியே எடுத்துவிட்டார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். துண்டுக்குள் அழுதாளோ என்னவோ.

வரும் வழியில் ஒரே ஒரு பேச்சு. "இனிமே நீங்க வராதீங்கப்பா."

மார்ச் 16, திங்கள்

தப்பு கோச்சம்மாவின் திட்டத்தில்தான். சந்தேகமே இல்லை.

இல்லைதானே?

மார்ச் 19, வியாழன்

இதை எப்படி எழுதுவது! ஆலை அணியின் வேன் பஞ்சராகி நம் கடைக்கே வந்தது. டிரைவர் நல்ல பேச்சுக்காரர். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே பந்தாட்டப் பேச்சை எடுத்தேன்.

"உங்க ஊர்ல ஒரு ஆளு கோட்டோரமா நிப்பாரே, பாத்திருக்கீங்களா? தொந்தியும் தொண்டையுமா?" என்றார்.

"பாத்த மாதிரிதான் இருக்கு," என்றேன், தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு.

"அவரு 'ஏறு'ன்னு கத்துனா அந்த லெஃப்ட் பேக் பொண்ணு கோட்டோரமாதான் வரப்போகுதுன்னு அர்த்தம். எங்க புள்ளைங்க ரெண்டு பேரு முன்னாடியே போய் மறிச்சுப் பந்தப் புடுங்கிடும். அப்புறம் அந்தப் பக்கம் தொறந்த வீடுதான். எங்க கோச் சொல்லியே அனுப்புறாரு: 'பந்தப் பாக்காதீங்க, அந்த ஆளக் கேளுங்க.' எல்லா டீமுக்கும் தெரியும் சார் இது!"

சிரித்தார். நானும் சிரித்தேன். பெயிண்டர் மெதுவாக நழுவினான். ரீப்ளே வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் பரவாயில்லை. இந்தத் தவளை பெற்ற பிள்ளையை அல்லவா கெடுத்திருக்கிறது. அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தது கோச்சம்மா இல்லை. நான்.

மார்ச் 20, வெள்ளி

கோச்சம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைத் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"உங்க குரல் எவ்வளவு தூரம் கேக்கும்?"

"மைதானத்தோட அந்தக் கோடி வரைக்கும் கேக்கும்மா," என்றேன், வெட்கத்தோடு.

"கடைசி ஆட்டம் ஆலை அணியோடதான். கோப்பையே அதுலதான் இருக்கு. அன்னைக்கு வாங்க. எப்பவும் கத்துற மாதிரியே 'ஏறு'ன்னு கத்துங்க. அவ ஏற மாட்டா, நடுவுல போவா. அவங்க கோட்டோரமா காவல் காக்கட்டும். ஆனா முதல்ல உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும்."

அதுதான் கஷ்டம். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சின்னவள் என்னையே பார்த்தாள். கோபமா என்று நான் உற்றுப் பார்க்கிறேன் - வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, மூணு கோல் உங்க கணக்குல! எதிர் டீமுக்கெல்லாம் நீங்கதான் டாப் ஸ்கோரர்!"

இத்தனை வருஷமாக நான் சத்தியமாக நம்பியதை இனிமேல் பொய்யாகக் கத்த வேண்டும். வரும் விதி இப்படியா வரும்!

மார்ச் 22, ஞாயிறு

நான் போகவில்லை. வீட்டில் நாற்காலிகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயம். சின்னவள் முழு ஆட்டமும் ஆடினாளாம்.

மார்ச் 29, ஞாயிறு

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

முதல் பாதி. பந்து நம்மிடம் வந்ததும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "ஏறு! கோட்டோரமா ஏறு!" ஆலை அணிப் பெண்கள் இரண்டு பேர் கோட்டை நோக்கி ஓடினார்கள் பாருங்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி! சின்னவள் நடுவில் தன்னந்தனியாக, தன் வீட்டுக் கூடத்தில் நிற்பவள் போல நிற்கிறாள். நிமிர்ந்து பார்த்து ஒரே பாஸ். கோல்! பெயிண்டர் என் மேல் ஏறிவிட்டான்.

நாற்காலி போட்டிருக்கிறதா என்று கேட்டேனே. சிம்மாசனமே போட்டிருந்தது.

இரண்டாம் பாதியில் அவர்கள் சமன் செய்தார்கள். அது பேங்க் பெண் பக்கம். என் கணக்கில் சேராது. அதோடு அவர்களுக்கு விஷயமும் புரிந்துவிட்டது. அவர்களுடைய கோச் கத்துகிறார்: "அந்த ஆளு சொல்றதக் கேக்காதீங்க! நடுவ அடைங்க, நடுவ!" எல்லோரும் நடுவில் கூடிவிட்டார்கள். திட்டம் தீர்ந்தது. கோச்சம்மா என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். சின்னவளிடம் பந்து. கோட்டோரம் வெறிச்சென்று கிடக்கிறது. ஐயோ, இப்போது நிஜமாகவே ஏற வேண்டுமே! நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் ஏறிவிட்டிருந்தாள்.

என்ன ஓட்டம் அது! யாரும் சொல்லவில்லை. தோளைச் சாய்த்து, தலையை நிமிர்த்தி, பந்து காலில் ஒட்டிக்கொண்டாற்போல என்னைத் தாண்டிப் போகிறாள். கோடி வரைக்கும் போய்ப் பந்தைத் திருப்பிப் போட்டாள். முன்வரிசைப் பெண் தலையால் முட்டினாள். இரண்டுக்கு ஒன்று. கோப்பை நமக்கு!

என் வாய் திறந்தது திறந்தபடியே இருந்ததாம், ரீப்ளே இரண்டு தடவை சொன்னான். அவள் இப்படி ஓடுவாள் என்று எனக்கு இன்றுதான் தெரியும். இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தேனே, எங்கே பார்த்தேன்?

ஏப்ரல் 1, புதன்

சனிக்கிழமை வெளியூரில் ஒரு நட்பு ஆட்டம். சின்னவள் ஷூவைத் துடைத்துக்கொண்டே, "நீங்களும் வாங்கப்பா," என்றாள்.

"ஏதாவது திட்டமா? என்ன கத்தணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா வாங்க."

கடையில் லீவு சொல்லிவிட்டேன்.