மாட்டு டாக்டர் குடுத்த பை

தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுடவெச்சுச் சாப்பிடு.

பிளாஸ்டிக் பை வாங்காதே, துணிப்பை கொண்டு போன்னு பத்து வருஷமாக் கத்தினேன். உன் காதுல ஏறலை. மாடிவீட்டு மாட்டு டாக்டர், "ஒரு பசு வயித்துல கூடை நிறைய பிளாஸ்டிக் பை இருந்துச்சுங்க"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு, உனக்குக் கண் கலங்கிடுச்சு. இப்ப அவர் குடுத்த துணிப்பையோடதான் காய் வாங்கப் போறே. தையல்காரன் பொண்டாட்டி கையில அடுத்தவன் பை.

அதைத் திருப்பிக் குடுத்துடு. கைப்பிடி பிரியற மாதிரி இருந்துச்சு, ரெட்டைத் தையல் போட்டு வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு. உனக்குப் பிடிச்ச என் நீலச் சட்டையை வெட்டி ஒரு பை தைச்சுக் கதவுல மாட்டியிருக்கேன். யார் தைச்சதுன்னு டாக்டர் கேட்டாச் சொல்லு. கேக்கலைன்னாலும் சொல்லு.