பூட்ட முடியாத பைப்

ரோம்
14.05.2023

அன்புள்ள வேர்னன்,

நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால்தான் தெரியும். போனையும் எடுக்கிறீர்கள் இல்லை. அதனால்தான் தபால்காரரை அலைக்கழிக்கிறேன்.

இன்று பூசை முடிந்து பிள்ளைகளோடு நீரூற்றுப் பார்க்கப் போனேன். நானூறு வருஷத்துக்கு மேல் பழையதாம். நாலு வெண்கலப் பையன்கள் ஆமைகளை மேல்தொட்டிக்கு ஏற்றிவிடுகிறார்கள். எறிக்கா ஆமைகளுக்குக் கை காட்டிக்கொண்டே நின்றாள்.

தெருமுனையில் ஒரு பழைய இரும்புப் பைப், நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டையால் பீச்சியடிக்கும். எறிக்காவோடு தெப்பமாக நனைந்து சிரித்த இயன், திடீரென்று அதைச் சுற்றிச் சுற்றித் தேடினான். "மம்மி, பூட்டுற திருகு எங்க? தண்ணி வீணாப் போகுது, டடா ஏசுவார்!"

டெக்ஸ்டர் போன பிறகு சின்னதுகள் இரண்டும் தண்ணீரில் விளையாடியது இன்றுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பாதி மூழ்கிய தோணி போல இன்னொரு ஊற்றும் இருக்கிறது. அங்கே மட்டும் கூட்டிப் போகவில்லை.

உங்கள் கிளாறிஸ்

மட்டக்களப்பு
02.06.2023

கிளாறிசுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். பட்டறையைத் திறக்கிறேன், பூட்டுகிறேன். பக்கத்து வீட்டு அன்னப்பூரணி அக்கா சோறு தருகிறா. உப்புப் போதுமா என்று கேட்கிறா, எனக்குத் தெரியவில்லை.

மூத்தவனுக்கு வருஷப் பூசை கொடுத்தேன். வந்தவர்கள் அழுதார்கள். வாவியில் தோணி கவிழ்ந்தபோது டெக்ஸ்டர் என் கையைத்தான் பிடித்திருந்தான் என்று சொன்னேன், யாரோ வீட்டுக் கதையைச் சொல்வதுபோல.

வேர்னன்

ரோம்
25.06.2023

அன்புள்ள வேர்னன்,

இதோடு இரண்டு படிவங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, நீங்கள் இங்கே வருவதற்கு. மற்றது, பிள்ளைகள் என்னோடு இங்கேயே இருந்துவிட உங்கள் சம்மதம். ஒன்றில் கையெழுத்து வையுங்கள். முதலாவதில் வைக்கமாட்டீர்களா என்று மனம் கிடந்து அடிக்கிறது. நான் உங்களைக் குற்றம் சொன்னதேயில்லை. இனியும் சொல்லமாட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் இயனுக்கு அந்தப் பைப்படிக்குப் போகவேண்டும். "டடா சாமான் பெட்டியோட வந்தா ஒரு நிமிசத்தில பூட்டிருவார்" என்று இத்தாலிப் பிள்ளைகளுக்குத் தமிழில் விளங்கப்படுத்துகிறான்.

வாருங்கள்.

கிளாறிஸ்

மட்டக்களப்பு
20.07.2023

கிளாறிசுக்கு,

இரண்டாவது படிவத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன். மற்றதை நிரப்பாமலே திருப்பி அனுப்புகிறேன்.

உன்மேல் கோபமில்லை. எனக்குக் கோபமும் வருவதில்லை. உங்களைப் பார்க்க ஆசைப்பட வேண்டும் என்று தெரிகிறது, ஆசை வரவில்லை. இப்படி ஒருவன் வந்து பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கக்கூடாது.

தோணி ஊற்றுக்கும் கூட்டிப் போ. தண்ணீரைத் தொட்டுப் பார்க்கட்டும்.

இயனிடம் சொல், அது பூட்டுகிற பைப் இல்லை. ஓடட்டும். டடா ஏசமாட்டார்.

வேர்னன்