இடது பக்கத்துப் பிரேக்

மச்சான்,

முக்குக் கடையில் இன்று காலை பழைய கடலை எண்ணெயில் வடை போட்டார்கள். புகை என் பக்கம் திரும்பியது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வாடை வந்தால் எனக்கு உன் முகம்தான் வருகிறது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "செத்தவங்கள இப்படித் திட்டலாமா மாமா?" என்கிறாள். உயிரோடு இருந்தபோது திட்டுவதற்கு அவன் இடம் கொடுத்தானா என்று கேட்டேன். எழுதுகிறாள்.

பாதிப் பாதி என்று பேசித்தான் அந்த டிராக்டரை வாங்கினோம். வாங்கும்போதே கிழடு. ஆனாலும் சொன்னபடி கேட்ட வண்டி. உன் வயலை நீ உழுவாய், என் வயலை நான் உழுவேன். ரோட்டில் லோடு அடிப்பது மட்டும் நான். உனக்கு ரோடு என்றால் பயம். அதை மறைக்க, "மாப்ள ஆசப்படுறாப்ல, ஓட்டட்டும்" என்பாய்.

நடவு முடிந்த பிறகுதான் சத்தம் ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் முதலில் கீச்சென்றது. போகப் போக அது கரகரப்பானது. கீச்சென்றால் தூசியாக இருக்கும், சேறு காய்ந்திருக்கும். நாலு தடவை மிதித்தால் போய்விடும். கரகரப்பு போகாது. பிரேக் ஷூ மேல் பதித்திருக்கும் லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவிட்டு வெளியே வந்து டிரம்மைச் சுரண்டுகிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் என்று உனக்குக் காட்டத்தான், இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இருக்கும் இரண்டு பெடலையும் சேர்த்துப் பிடிக்கும் கொக்கியை எடுத்துவிட்டு உன் களத்திலேயே மெதுவாக ஓட்டினேன். வலதை மிதித்தேன், ஒன்றும் இல்லை. இடதை மிதித்தேன். உன் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"இடது மச்சான். பிரிச்சுப் பாத்துருவோம்."

"ரோட்டுல பெடல் மேலயே கால வச்சுக்கிட்டு வந்தா, கத்தாம பாட்டாப் பாடும்?"

"ரோட்டுல கொக்கி போட்டுத்தான ஓட்டுறேன்? அப்ப ரெண்டும்ல தேயணும்? ஒத்தப் பக்கம் தேயுதுன்னா வயல்ல திருப்புறதுலதான்."

"அப்ப நான் தேச்சேங்கிற."

"பிரிச்சாத் தெரிஞ்சிரும்."

களத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. வரப்பு வந்தால் இடது பெடலைக் குத்தி மிதித்து, வண்டியை நின்ற இடத்திலேயே சுழற்றுவாய். பார்ப்பவன் வாயைப் பிளக்க வேண்டும் உனக்கு. நான் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புகிறவன். ஊருக்கே தெரியும். ஆனாலும் டிரம்மைப் பிரிக்க நீ விடவில்லை.

பிறகு ஒருநாள் சாவியை நீயே கொண்டுவந்தாய். "சரி பண்ணியாச்சு மாப்ள. இனி அது சத்தமும் இல்ல, ஒஞ் சத்தமும் இல்ல." வாசலில் வைத்து மிதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. லைனிங்கை மாற்றிவிட்டாய், வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி நான் நல்லதாக நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

தைலமரக் கட்டை ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரையிலிருந்து இறங்கினேன். மிதித்தேன். வலது பிடித்தது, இடது வழுக்கியது. வண்டி வலது பக்கம் வெட்டி இழுத்துக் கரைக்குக் கீழே போனது. என் வலது கால் மட்கார்டுக்கு அடியில்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வந்தாய். "இடது பிடிக்கல மச்சான்" என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற சொந்தக்காரர்களைப் பார்த்தாய். "மாப்ள லேசாப் போட்டிருந்தாப்ல போல. அதுக்கென்ன, மனுசன்தான?" என்றாய். பெருந்தன்மை வேறு! என் மகன் கல்யாணத்துக்கு முன்பே குடியை விட்டவன் நான். ஒரு காலத்தில் குடித்தவன் என்பதால் ஊர் நம்பும் என்று உனக்குத் தெரியும். நம்பியது.

வண்டியை உன் வீட்டுப் புளியமரத்தடிக்கு இழுத்துப் போட்டாய். ராசியில்லாத வண்டி, யாரும் தொடக்கூடாது என்றாய். எனக்கு ஒருவரும் லோடு கொடுக்கவில்லை. அது போகட்டும். என் பெண்டாட்டி, உன்கூடப் பிறந்தவள், என் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போட்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மோந்து பார்ப்பாள். நீ சாகிற வரைக்கும் அதுதான் நடந்தது.

நீ போன பிறகு உன் மகன்கள் வண்டியை என் வாசலுக்கு இழுத்து வந்தார்கள். உன் கருமாதிக்கு முந்தைய வாரம், ஜாக்கி வைத்துத் தூக்கி இரண்டு பக்கமும் பிரித்தேன். உன் தங்கச்சிதான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். வலது பக்கம் லைனிங் நல்ல கனத்தில் இருந்தது. இடது பக்கம் வெறும் ரிவிட்டு. இது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, டிரம் முழுக்கக் கறுப்பு மெழுகுபோல அப்பியிருந்த பிசுக்கு. கியர் ஆயில் கசிந்திருக்குமோ என்று, அதைத் தடுக்கும் ரப்பர் சீலைத் துடைத்துப் பார்த்தேன். அது காய்ந்து கிடந்தது. அவள் குனிந்து மோந்து பார்த்தாள்.

"ஏங்க, இது கடல எண்ணெய்ல?"

"பிரேக்குல யாருடி கடல எண்ணெய் ஊத்துவா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கெணத்து ராட்டினம் கத்துதுன்னு அண்ணன் அரைச் சொம்பு வாங்கிட்டுப் போச்சுங்க. மறுநாதான் சாவியக் கொண்டாந்து குடுத்துச்சு. நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

எண்ணெய் விட்டது முட்டாள்தனம். ராட்டினமும் பிரேக்கும் ஒன்று என்று நினைத்துவிட்டாய், அதைக் கழித்துவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் பேசியது முட்டாள்தனம் இல்லை.

கருமாதிக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. சொல்ல வேண்டியதை வார்த்தை வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். நான் வாயைத் திறக்கும் முன் அவள் எழுந்தாள். பழைய துணியில் சுற்றி வைத்திருந்த அந்த இடது பிரேக் ஷூவை உன் படத்துக்கு முன்னால், படையல் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மோந்து பாருங்க எல்லாரும். எங்கண்ணன் பிரேக்குல ஊத்துன எண்ணெய். குடுத்தவ நான். எம் புருசன் குடிக்கல."

யாரும் மோந்து பார்க்கவில்லை. உன் மூத்த மகன் தலை குனிந்துகொண்டான். அவள் அழாமல் போய்ப் பந்திக்கு இலை போட ஆரம்பித்தாள்.

எனக்குப் பேர் திரும்பி வந்துவிட்டது. கட்டை ஏற்றக் கூப்பிடுகிறார்கள். ஆனால் கேள். 'குடிக்கல' என்ற அந்தச் சொல்லை நீ சொல்லியிருக்க வேண்டும், என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று. நீ சொல்லாததால், அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று தங்கச்சி சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவள் வீட்டில் கடலை எண்ணெய் வாங்குவதில்லை. என் காலுக்காக உன்னை விட்டாலும் விடுவேன். இதற்கு விடமாட்டேன்.

இப்போது இரண்டு பக்கமும் புது லைனிங். வண்டி சத்தமே போடுவதில்லை. சத்தம் போடாத பிரேக்கை நான் நம்புவதும் இல்லை. லோடு ஏற்றிக் கண்மாய்க் கரைக்குப் போகும் முன், சமதரையில் கொக்கியை எடுத்துவிட்டு மெதுவாக நகர்த்தி, ஒவ்வொன்றாக மிதித்துப் பார்க்கிறேன். நொண்டிக் கால்தான், அழுத்தினால் வலிக்கும். இடதைத்தான் முதலில் மிதிப்பேன். அப்போது உன் நினைவு வரும். இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிப்பேன்.