படி கழற்றப்பட்ட மாடிவீடு குறித்து முத்துறைக்கு விடுத்த ஓலை

மங்கலம் நிலைபெறுக. மலையில் மழையும் வயலில் விளைவும் குன்றாத நீர்மலை நாட்டை ஆளும் செங்கோவேள் மன்னர் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகன் மங்கலங்கிழான் நக்கன் இரவி எழுதியது. கலங்கள் வந்தணையும் முத்துறைப் பட்டினத்தைக் காத்து நிற்கும் நகர அதிகாரி, கொற்றமுடையார் தாயன் எயினனார் காண்க. தங்கள் மதிலும் துறையும் குடியும் நலமுற்று விளங்குக.

தங்கள் பட்டினத்துச் சங்கறுப்பார் தெருவில் காரி சேந்தன் என்னும் வணிகனுக்கு ஒரு மாடிவீடு உண்டு. அதன் மேல்தளத்தில் மூன்றாண்டுகளாக வாடகைக்குக் குடியிருப்பவள் மருத்துவச்சி பூதநங்கை. அத்தெருவில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள். சேந்தனின் மக்கள் இருவரும் அதில் அடக்கம். குடிபுகுந்த நாளில், இதை உன் வீடாகவே நினைத்துக்கொள் என்று சேந்தன் சொன்னான். அந்தச் சொல்லையே அவள் உறுதியெனக் கொண்டாள். எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிவிட்டாள்.

சென்ற ஆவணியில் சேந்தன் தன் மைத்துனனை அங்கே குடிவைக்க விரும்பி, வீட்டை மூன்று நாளில் விட்டுப் போகச் சொன்னான். வேறு இடம் பார்க்க இரண்டு மாதம் வேண்டும் என்றாள் பூதநங்கை. அவன் சினக்கவில்லை. மறுநாள், கிணறு கீழ்த்தளத்துக்கு உரியது என்று அறிவித்தான். அவள் குளத்து நீரைச் சுமந்தாள். அடுத்து, கொல்லைப்புறம் தன்னுடையது என்றான். அவள் துணியை மாடியிலேயே உலர்த்தினாள். ஐந்தாம் நாள் தச்சனை அழைத்து வந்து, மாடிக்கு ஏறும் மரப்படியைக் கழற்றினான். மாடியை வாடகைக்கு விட்டது உண்மை, படியை விட்டதாகத் தான் ஒருபோதும் சொன்னதில்லை என்பது அவன் வாதம். பூதநங்கை அப்போது மாடியில் இருந்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் துடுப்பு செய்யும் பெருங்கண்ணன் ஓடி வந்து, மனைவிக்கு விடியலில் வலி கண்டதென்றும் பிள்ளை கால்முன்னாக வருகிறதென்றும் தெருவில் நின்று கதறினான். முப்பதாண்டுத் தொழிலில் வர இயலாது என்று சொல்லியறியாத பூதநங்கை, மாடி விளிம்பில் நின்று தரையைப் பார்த்தாள். குதிக்க முடியாத உயரம். மீனவர் எழுவர் சுறா வலையைக் கொணர்ந்து, அவளை அதில் அமர்த்தி இறக்கினர். வலை புதியது என்று அவர்கள் சாட்சியம் அளித்துள்ளனர். தாயும் சேயும் பிழைத்தனர். இன்னும் ஒரு நாழிகை தாழ்ந்திருந்தால் இருவரையும் இழந்திருப்போம் என்று பின்பு இங்கு மன்னர்முன் சொல்லும்போதுதான் அவள் குரல் தழுதழுத்தது. அதுவரை படியைப் பற்றி நிதானமாகவே பேசினாள்.

மன்னரிடம் வருமுன் அவள் தங்களிடம் இருமுறை முறையிட்டதும், எழுத்து இல்லாத வழக்கு வழக்காகாது என்று தாங்கள் இருமுறையும் திருப்பி அனுப்பியதும் இங்கு அறியப்பட்டன. அதன்பின் நான்கு நாள் நடந்து அவள் தலைநகர் சேர்ந்தாள். படியின்றி அவள் எவ்வாறு ஏறி இறங்குவாள் என்று மன்னர் சேந்தனை வரவழைத்து வினவினார். அது அவள் பாடு என்றான் அவன். மன்னர் என்னை எழுத்தாணி எடுக்கச் சொன்னார்.

ஆகவே ஆணையாவது: வீட்டை வாடகைக்கு விடும் எவரும், குடிபுகுமுன்பே குடியிருப்பவர் கையில் ஓலை கொடுக்கக் கடவர். வீட்டுக்காரர் பெயரும் இருப்பிடமும், வாடகையும், வீட்டோடு சேர்ந்தவை எவை என்பதும், கூரை ஒழுகினால் யார் வேய்வது என்பதும், விட்டுப் போக எத்தனை நாள் தவணை என்பதும் அதில் விளங்க எழுதப்படுக. படிக்க அறியாதவருக்கு வாசித்துக் காட்டுக. முன்பே குடியிருப்போருக்கு வரும் முழுநிலவுக்குள் கொடுக்க. ஓலை இல்லாத இடத்தில் வழக்கெழுந்தால் குடியிருப்பவர் சொல்லே எழுத்தெனக் கொள்ளப்படும். சேந்தன் படியைத் தன் தோளில் சுமந்துவந்து பொருத்துவானாக.

இவ்வாணையை முரசறைந்து அறிவிக்க. துறைமுகத் தெருவில் தங்களுக்கு வாடகை வீடுகள் பதினொன்று இருப்பதாகவும், ஒன்றிலும் ஓலை இல்லை என்றும் ஒற்றர் தெரிவித்தனர். ஆதலின் முதல் பதினோரு ஓலைகளைத் தாங்களே தங்கள் கையால் எழுதி, வாசல்தோறும் சென்று கொடுத்து, பெற்றவர் கைந்நாட்டோடு மறுமொழி விடுக்க. இவ்வோலை கொணர்ந்த வீரன் அதுவரை அங்கேயே நிற்பான்.

இது மன்னர் முத்திரை. இப்படிக்கு நக்கன் இரவி எழுத்து.